நடையின் வேகமும் தீர்ப்பின் அவசரமும்

அரபு மொழியில் இலக்கியத் திறனாய்வைக் குறிக்கும் ‘நக்து’ என்னும் சொல், முதலில் நாணயம் மாற்றுவோர் கடையில் வழங்கிய சொல்லாகும். கைக்கு வந்த திர்ஹத்தைத் தட்டியும் உரசியும் பார்த்து, நல்லதை ஒருபுறமும் செல்லாததை மறுபுறமுமாகப் பிரித்து வைத்தலே அதன் முதற்பொருள். ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் மறைந்த குதாமா இப்னு ஜஃபர் தம் நூலுக்கு ‘நக்துஷ் ஷிஃர்’ எனப் பெயரிட்டபோது, கவிதையையும் அவ்வாறே சோதித்துப் பிரிக்கலாம் என்னும் துணிவு அப்பெயரிலேயே அடங்கியிருந்தது. நாணயம் மாற்றுவோன் தவறாகத் தீர்ப்பளித்தால் அதன் இழப்பு அவனோடு நிற்பதில்லை. நல்ல காசைச் செல்லாது என்று அவன் தள்ளிவிட்டால், காசுக்குரியவன் வெறுங்கையோடு வீடு திரும்ப நேரும்.

இந்நாளில் நாணயம் சோதிக்கும் பலகை எல்லோர் கையிலும் இருக்கிறது. உணவு விடுதி, மருத்துவமனை, நூல், திரைப்படம் என எதனைப் பற்றியும் எவரும் தீர்ப்பெழுதலாம். அவ்வாறு தீர்ப்புகள் மிகுதியாகக் குவியும் துறைகளுள் கணினி விளையாட்டும் ஒன்று. அவ்விளையாட்டுகளுள்ளும் ஒரு சிறு வகை, அதாவது சண்டையோ போட்டியோ இன்றி, ஓரிடத்தை மெல்ல நடந்து சுற்றிப் பார்த்து, அங்கே சிதறிக் கிடக்கும் செய்திகளிலிருந்து ஒரு கதையை உணர்ந்துகொள்ளும் வகை, ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளாக ஆடுவோரிடையே கடும் கருத்து வேற்றுமையை எழுப்பி வருகிறது. அக்கருத்துகளின் தரத்தைச் சற்றே உரசிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விளையாட்டுக்கும் அரபுக் கல்லூரி ஆசிரியருக்கும் என்ன தொடர்பு என வாசகர் வினவக்கூடும். நாமும் அவ்வாறே நினைத்திருந்தோம்.

கான்சாபுரத்தில் ஒரு விடுமுறை

திருவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்துக்கும் அணித்தாக, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்துச் சிற்றூர்களுள் ஒன்று கான்சாபுரம். 1764-ஆம் ஆண்டு மதுரையில் தூக்கிலிடப்பட்ட கான்சாகிப் எனும் யூசுப்கானின் பெயரை அது தாங்கி நிற்பதாகச் சொல்வர். அங்கே நம் சகோதரியின் இல்லம் உள்ளது. கல்லூரியின் ஆண்டு விடுமுறையில் சில நாள்கள் தங்கச் சென்றிருந்தபோது, பொறியியல் பயிலும் நம் மருமகனும் அவருடைய தோழர் இருவரும் ஒரு மடிக்கணினியைச் சூழ்ந்தமர்ந்து உரத்த குரலில் வாதிட்டுக்கொண்டிருந்தனர்.

ஒருவர், “பத்து நிமிடம் நடந்தேன், ஒன்றுமே நடக்கவில்லை, மூடிவிட்டேன்” என்றார். மற்றொருவர், “நன்றாகத்தான் இருந்தது, ஆனால் இதை விளையாட்டு என்று விற்றது தவறு” என்றார். நம் மருமகனோ அதனை இறுதிவரை ஆடி முடித்தவர். அதன் முடிவில் தம் கண் கலங்கியதை மறைக்கவில்லை. பின்னர் நம்மை நோக்கி, “மாமா, நீங்கள்தான் விமர்சனம் கற்பிக்கிறவர் ஆயிற்றே, எங்களில் யார் சொல்வது சரி?” என்று கேட்டார்.

ஆடிப் பாராமல் தீர்ப்பளிப்பது முறையன்று என்பதால், அவ்விடுமுறையில் அவர் துணையோடு இவ்வகை விளையாட்டுகள் சிலவற்றை நாமே நடந்து பார்த்தோம். இக்கட்டுரை அதன் விளைவு.

வகையின் வரலாறு

இவ்வகையின் முன்னோடியாகப் பலரும் குறிப்பிடுவது ‘டியர் எஸ்தர்’. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த டான் பின்ச்பெக், துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஒன்றின் பொறியமைப்பை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து துப்பாக்கியையும் பகைவரையும் நீக்கிவிட்டால் எஞ்சுவது என்ன என்று வினவினார். 2008-இல் ஆய்வு முயற்சியாக வெளிவந்த அது, 2012-இல் ‘தி சைனீஸ் ரூம்’ நிறுவனத்தால் புதுக்கப்பெற்று விற்பனைக்கு வந்தது. ஆளற்ற தீவொன்றில் ஆடுவோர் நடக்கிறார். ஒரு குரல் கடிதத் துணுக்குகளைப் படிக்கிறது. எத்துணுக்கு எப்போது ஒலிக்கும் என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். இவ்வளவே அதன் உள்ளடக்கம். எனினும் முதல் 24 மணி நேரத்தில் 16,000-க்கும் மேற்பட்ட படிகள் விற்றன.

2013-இல் ‘கான் ஹோம்’ வந்தது. வெளிநாட்டிலிருந்து மழை இரவில் வீடு திரும்பும் மகள், ஆளரவமற்ற வீட்டில் குடும்பத்தார் விட்டுச்சென்ற தாள்களையும் பொருள்களையும் எடுத்துப் பார்த்து நிகழ்ந்ததை உணர்கிறாள். 2016-இல் ‘ஃபயர்வாட்ச்’, காட்டுத்தீக் காவலர் ஒருவரின் கோடைக்காலத்தை வானொலிப் பேச்சின் வழியே கூறியது. 2017-இல் வந்த ‘வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் ஈடித் ஃபின்ச்’, ஒரு குடும்பத்தின் சாவுகளை வீட்டின் அறை அறையாகச் சொல்லி, அடுத்த ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு வழங்கும் சிறந்த விளையாட்டுக்கான பரிசைப் பெற்றது.

இவற்றுக்கு ஆடுவோர் இட்ட பெயர் ‘வாக்கிங் சிமுலேட்டர்’. நடப்பதைப் போலச் செய்து காட்டும் கருவி என்பது அதன் பொருள். விமான ஓட்டியைப் பழக்கும் கருவி உண்டு. நடப்பதற்குமா ஒரு கருவி என்னும் கேலி அதில் ஒலிக்கிறது. நாளடைவில் கேலிப்பெயரே வகைப்பெயராக நிலைத்து, கடைகளின் பட்டியலிலும் இடம்பெற்றுவிட்டது.

முதற் குற்றச்சாட்டு: இது விளையாட்டே அன்று

ஆடுவோர் கூறும் குறைகளைத் தொகுத்து நோக்கின் அவை மூன்றாகச் சுருங்கும். அவற்றுள் முதலாவது, வெற்றியும் தோல்வியும் இல்லாத ஒன்றை விளையாட்டு எனல் தகாது என்பதாகும்.

மதரஸாவின் தொடக்க வகுப்புகளில் ‘ஈஸாகூஜி’ பயின்றோர் அறிவர்: ஒரு பொருளின் இலக்கணம் ‘ஜாமிஃ’, ‘மானிஃ’ ஆகிய இரு தன்மைகளையும் கொண்டிருத்தல் வேண்டும். அதாவது, உள்ளே வரவேண்டியவற்றை எல்லாம் திரட்ட வேண்டும். வெளியே நிற்கவேண்டியவற்றை எல்லாம் தடுக்க வேண்டும். வெற்றி தோல்வி உள்ளதே விளையாட்டு என்னும் இலக்கணம் அவ்விரு தேர்விலும் தோற்கிறது. கான்சாபுரத்துத் தெருவில் சிறுமியர் சொப்பு வைத்து ஆக்கும் கூட்டாஞ்சோற்றில் வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை. அதனை விளையாட்டு அன்று என்பார் எவருமில்லை. மறுபுறம், நீதிமன்ற வழக்கில் வெற்றி தோல்வி உண்டு. அதனை விளையாட்டு என்போரும் இலர்.

ஆயினும் இக்குற்றச்சாட்டின் அடியில் நியாயமான மனக்குறை ஒன்று உண்டு என்பதை மறுத்தல் கூடாது. ஆடுவோர் உண்மையில் கேட்பது, ‘நான் செய்வதால் ஏதேனும் மாறுகிறதா?’ என்பதே. என் கை அங்கே வேண்டியதில்லை எனின், அதனைத் திரைப்படமாகவே எடுத்திருக்கலாமே என்கின்றனர். இவ்வினாவுக்கு இலக்கணம் கொண்டு விடை கூற இயலாது. ஒவ்வோர் ஆக்கமும் தானே விடை கூறவேண்டும்.

ஈடித் ஃபின்ச்சில் அத்தகைய விடை ஒன்று உள்ளது. மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை செய்யும் இளைஞன் ஒருவனின் கடைசி நாள்களை நாம் ஆடுகிறோம். ஒரு கையால் மீனை எடுத்து வெட்டும் பொறிக்குள் தள்ளி அகற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மறு கையால் அவன் மனத்தில் விரியும் கற்பனை நாட்டில் அவனை நடத்திச் செல்ல வேண்டும். மெல்ல மெல்லக் கற்பனை திரை முழுவதையும் மூடுகிறது. மீன் வெட்டும் கையோ தன் வேலையை மறந்தும் நிறுத்துவதில்லை. சலிப்பூட்டும் வேலையில் மனம் உடலை விட்டுப் பிரிந்து போவது எவ்வாறு என்பதை நம் இரு கைகளே நமக்கு உணர்த்திவிடுகின்றன. இதனைத் திரைப்படம் காட்டலாம். கைகளுக்குக் கற்பிக்க அதனால் இயலாது. எனவே ‘விளையாட்டு அன்று’ என்னும் தீர்ப்பு இவ்வாக்கத்தைப் பொறுத்தவரை செல்லாக் காசு. வெறும் நிலக்காட்சியின் நடுவே குரலொன்றை ஒலிக்கவிட்டு நிறுத்திக்கொள்ளும் ஆக்கங்களுக்கோ அது முற்றிலும் பொருந்தும்.

இரண்டாம் குற்றச்சாட்டு: நடை மிக மெது

இதில் ஆடுவோர் பக்கமே நியாயம் மிகுந்திருந்த நிகழ்ச்சி ஒன்றை முதலிற் குறிப்பிடல் வேண்டும். ‘டியர் எஸ்தர்’ ஆக்கியோர் 2015-இல் ‘எவ்ரிபடீஸ் கான் டு தி ராப்ச்சர்’ என்பதை வெளியிட்டனர். 1984-ஆம் ஆண்டின் ஆங்கிலேயச் சிற்றூர் ஒன்றில் மாந்தர் அனைவரும் மறைந்துபோன பின் அதனைச் சுற்றி வருவதே அதன் பொருள். நடை தாங்கவொண்ணா மெதுவாக உள்ளது எனப் பலரும் முறையிட்டனர். உண்மையில் ஒரு விசையை அழுத்திப் பிடித்தால் நடை சிறிது சிறிதாக விரைவுபெறும். அச்செய்தியை ஆட்டத்தினுள் எவருக்கும் தெரிவிக்கத் தவறிவிட்டனர். வெளியான பின்னரே ஆக்கியோர் அதனை விளக்க நேர்ந்தது. இங்கே மெதுமையைப் பழித்தோரை ‘பொறுமையற்றோர்’ எனக் கண்டிப்பது அநீதியாகும்.

குர்ஆன் ஓதுவதில் தஹ்கீக், தத்வீர், ஹத்ரு என மெதுவும் நடுவும் விரைவுமான நடைகளை ஓதற்கலை வல்லார் வகுத்துள்ளனர். புனித ஓதலை ஒரு விளையாட்டோடு ஒப்பிடுவது நம் கருத்தன்று. வேகம் பற்றி நாம் கற்ற நெறி அங்கிருந்தே வந்தது என்பதால் குறிப்பிடுகிறோம். அந்நெறி, மெதுவே சிறந்தது, விரைவே தாழ்ந்தது என்று கூறவில்லை. எவ்வேகத்திலும் ஒவ்வோர் எழுத்துக்கும் அதற்குரிய உரிமை கிடைத்தாக வேண்டும் என்றே கூறுகிறது. மெதுவாக இழுத்து ஓதி எழுத்தைச் சிதைப்பவரும் உண்டு.

இதனையே இங்குப் பொருத்திப் பார்க்கலாம். நடை மெதுவாக உள்ளதா என்பது வினா அன்று. அம்மெதுமை தந்த நேரத்தில் கண்ணுக்கும் காதுக்கும் உரியவை கிடைத்தனவா என்பதே வினா. ‘ஃபயர்வாட்ச்’ காட்டில் நீண்ட பாதையில் நடக்கும்போது வானொலியில் இருவர் பேசுகின்றனர். என்ன மறுமொழி கூறுவது என்பதை நாமே தேர்ந்தெடுக்கிறோம்; அல்லது வாளாவிருக்கிறோம். வாளாவிருத்தலும் மறுமொழியாகவே கொள்ளப்படுகிறது. அங்கே நீண்ட பாதைக்குக் காரணம் உண்டு. பாதை குறுகினால் பேச்சு குறுகும். பேச்சு குறுகினால் நட்பு விளையாது.

நம் பங்குக்கு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் நாள் மாலை ‘டியர் எஸ்தர்’ தீவில் நடந்தபோது, நம் விரல் தன்னையறியாமல் விரைவுக்குரிய விசையைத் தேடிக்கொண்டே இருந்தது. ஒரு செய்யுளை இரண்டு நாள் வைத்துக்கொண்டு படிக்குமாறு மாணவரைக் கடியும் நாம், ஒரு கடற்கரையை ஐந்து நிமிடம் நடந்து கடக்கப் பொறுக்கவில்லை. மருமகன் அதனைக் கவனித்துச் சிரித்தார். பத்து நிமிடத்தில் மூடிவிட்ட அவருடைய தோழருக்கும் நமக்கும் இடையிலிருந்த வேறுபாடு வயது மட்டுமே.

மூன்றாம் குற்றச்சாட்டு: காசுக்கு நேரம் போதாது

மூன்றாவது குறையே மிகப் பரவலானது. வாழ்வாதாரங்களைத் தொடுவதும் அதுவே. ‘கான் ஹோம்’ ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் முடிவது; வெளியானபோது அதன் விலை 20 டாலர். அத்தொகைக்கு வேறு விளையாட்டுகள் ஐம்பது மணி நேரம் தருகின்றனவே எனப் பலர் கணக்கிட்டனர். கனடாவின் டொராண்டோ நகரில் தமிழர் ஒருவர் தலைமையில் உருவாகி 2023-இல் வெளிவந்த ‘வெண்பா’வுக்கும் அதே குறை கூறப்பட்டது. அது நடந்து சுற்றும் வகையன்று. புலம்பெயர்ந்த தாயொருத்தி, தன் அன்னையின் கிழிந்து கறைபடிந்த சமையற் குறிப்பேட்டின் விடுபட்ட வரிகளை ஊகித்து நிரப்பிச் சமைக்கும் கதை. எனினும் மெதுவும் கதையும் சேர்ந்த அதே குடும்பத்தைச் சார்ந்தது. அது 2024-இல் முதல் ஆக்கத்துக்கான பாஃப்டா பரிசைப் பெற்றபின்னும், நன்று, ஆனால் மிகச் சிறிது என்னும் குரல் ஓயவில்லை.

மணிக்கணக்கால் ஒரு படைப்பை விலையிடுவது, எடையைக் கொண்டு நூல் வாங்குவதற்கு ஒப்பாகும் என்று எளிதிற் சொல்லிவிடலாம். ஆனால் மாணவர் ஒருவரின் கைச்செலவுப் பணத்தில் சில நூறு ரூபாய் பெருந்தொகை என்பதையும் நாம் மறத்தல் கூடாது. ஒரு விளையாட்டை வாங்கி மூன்று மாதம் ஓட்ட வேண்டிய நிலையிலுள்ள இளைஞர் மணியைக் கணக்கிடுவது கஞ்சத்தனம் அன்று. அவர் தீர்ப்பு அவருடைய நிலைமைக்குச் சரியானது. அதனை ஆக்கத்தின் தகுதி பற்றிய தீர்ப்பாக உலகுக்கு அறிவிக்கும்போதே பிழை நேர்கிறது.

இதனினும் நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. உலகின் பெரிய விளையாட்டுக் கடையான ‘ஸ்டீம்’, 2015-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு விதியைக் கொண்டுவந்தது. வாங்கிய 14 நாள்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், காரணம் எதுவாயினும் பணத்தைத் திரும்பப் பெறலாம். வாங்குவோரைக் காக்கும் நல்ல விதி இது. ஆனால் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் கதைக்கு அது என்ன செய்யும்? 2021-இல் ‘எமிகா கேம்ஸ்’ என்னும் பெயரில் தனியொருவராக இயங்கிய ஆக்குநர், தம் ‘சம்மர் ஆஃப் ஃபிஃப்டி எய்ட்’ விளையாட்டு இரண்டு மணிக்குள் முடிவதால், நல்ல கருத்து எழுதியோரும் பணத்தைத் திரும்பப் பெற்றுவிடுகின்றனர் என்றும், அதனால் தாம் இத்துறையை விட்டு விலகுவதாகவும் அறிவித்தார்.

இதனை நாம் கூறியபோது நம் மருமகன் தலைகுனிந்தார். கண் கலங்கி முடித்த அந்தச் சிறு விளையாட்டின் பணத்தை அவரும் மறுநாளே திரும்பப் பெற்றிருந்தார். “கடையின் விதி அனுமதிக்கிறது மாமா, நான் பொய் சொல்லவில்லையே” என்றார்.

ஃபிக்ஹு நூல்களில் ‘கியார்’ என்றொரு பாடம் உண்டு. வாங்கியவருக்கும் விற்றவருக்கும் பேரத்தை முறித்துக்கொள்ளும் உரிமை அது. இருவரும் பிரியுமுன் உள்ள உரிமை, குறை கண்டபின் உள்ள உரிமை, நிபந்தனையால் வரும் உரிமை என அது பலவாகும். ஷாபிஈ மத்ஹபில் நிபந்தனையால் வரும் உரிமைக்கு மூன்று நாள் எல்லை. அவ்வுரிமையின் நோக்கம், ஏமாந்து போகாமலும் அவசரப்பட்டுச் சிக்கிக்கொள்ளாமலும் காத்தலாகும். மீட்கவியலாப் பயன் முழுவதையும் நுகர்ந்துவிட்டு விலையையும் மீட்டுக்கொள்வதற்கு அது அமைந்ததன்று. வழக்காடு மன்றத்தில் செல்லுபடியாகும் ஒன்று, மனிதனுக்கும் இறைவனுக்கும் இடையே செல்லுபடியாகாமல் போகலாம் என்னும் வேறுபாட்டை நம் சட்டவல்லுநர் தெளிவாகப் பேணியுள்ளனர். கடை வாயிலில் நின்றே ஒரு சிறு நூலை முழுதும் படித்து, ‘அருமை’ என்று அழுது, மீண்டும் அடுக்கில் வைத்துச் செல்பவரை எந்தச் சட்டமும் பிடிக்காது. ஆயின் நூலாசிரியர் அடுத்த நூலை எழுதமாட்டார்.

அவர் மறுமொழி கூறவில்லை; நாமும் வற்புறுத்தவில்லை.

இல்லாத கவிஞரின் நூல்

இந்தியாவில் இவ்வகை ஆக்கங்கள் உண்டா என வினவியபோது, மருமகன் காட்டியது குஜராத்தின் சலா என்னும் ஊரில் இயங்கும் ‘ஸ்டூடியோ ஓலியோமிங்கஸ்’ ஆக்கங்களை. துருவ் ஜானி என்பவர் அதன் முதன்மையாளர். 2018-இல் அவர்கள் வெளியிட்ட ‘எ மியூசியம் ஆஃப் டூபியஸ் ஸ்ப்ளெண்டர்ஸ்’, அன்றாடப் பண்டங்கள் பேருருக்கொண்டு நிற்கும் அருங்காட்சியக அறைகளில் நடந்துகொண்டே கதைகளைப் படிப்பது. 2020-இல் வந்த ‘தி இன்டிஃபரன்ட் வொண்டர் ஆஃப் ஆன் எடிபிள் பிளேஸ்’ என்பதில் நகராட்சிக்காகக் கட்டடங்களைத் தின்னும் ஒருவர் வருகிறார். கட்டடத்தைத் தின்பது வரலாற்றை அழிப்பது என்பதை விளக்கவேண்டியதில்லை. இவை விலையின்றியே கிடைப்பதால் மூன்றாம் குற்றச்சாட்டு இவற்றைத் தொடுவதில்லை.

இக்கதைகள் மீர் உமர் ஹசன் என்னும் குஜராத்திக் கவிஞரின் எழுத்துகளைத் தழுவியவை என ஆக்கியோர் கூறுகின்றனர். “இவர் யார் மாமா?” என்று மருமகன் கேட்டார். தெரியாது என்று சொல்ல நம் நா எழவில்லை. ஊர் திரும்பியதும் கல்லூரி நூலகத்தில் அரபு, உருது, பாரசீகக் கவிஞர் வரலாறுகளைப் புரட்டினோம். இரண்டு நாள் தேடலுக்குப் பின்னரே, அப்படியொரு கவிஞர் வாழ்ந்ததில்லை, அவரும் கதையின் பகுதியே என்பது தெரிந்தது. ஏமாற்றப்பட்டதாக நாம் வெகுண்டது உண்மை. உடனே தீர்ப்பு எழுதச் சொல்லியிருந்தால், கட்டைவிரலைக் கீழ்நோக்கிக் காட்டியிருப்போம்.

வெகுளி தணிந்தபின் நினைவுக்கு வந்தது நாம் ஆண்டுதோறும் கற்பிக்கும் நூலே. பஸராவின் ஹரீரி (1054–1122) இயற்றிய ஐம்பது மகாமாத்துகளிலும் அபூஸைத் ஸரூஜி என்னும் நாவன்மை மிக்க நாடோடி ஊர் ஊராக நடக்கிறான். அவன் செயல்களைக் கண்டவராக ஹாரிஸ் இப்னு ஹம்மாம் என்பவர் அறிவிக்கிறார். இருவருமே ஆசிரியரின் படைப்பு. பொய் புனைந்தார் என்னும் பழி வருமென அறிந்த ஹரீரி, விலங்குகளைப் பேசவைக்கும் நீதிக்கதைகளை எவரும் பொய் என்று தள்ளியதில்லை, எண்ணத்தைக் கொண்டே செயலை எடைபோட வேண்டும் என்னும் கருத்தில் முன்னுரையிலேயே வாதிட்டார். ஹிஜ்ரி 567-இல் மறைந்த பக்தாத் அறிஞர் இப்னுல் கஷ்ஷாப் அதனை ஏற்கவில்லை. விலங்கு பேசுவது கற்பனை என்பது கேட்ட அளவிலேயே விளங்கும். அபூஸைதும் ஹாரிஸும் வாழ்ந்திருக்கக்கூடிய மனிதர் போலத் தோன்றுவதால் ஒப்புமை பொருந்தாது என்று மறுத்தார். எகிப்தின் இப்னு பர்ரீ ஹரீரியின் பக்கம் நின்று விடை எழுதினார். ஆக, நாம் இரண்டு நாள் பட்ட வெகுளிக்கு எண்ணூறு ஆண்டுப் பழமை உண்டு.

இப்னுல் கஷ்ஷாபின் வாதத்தை எளிதாகத் தள்ள இயலாது என்றே நாம் இன்னும் கருதுகிறோம். ஆயினும் ஓலியோமிங்கஸ் ஆக்கத்தில் நிகழ்வது வேறொன்று. கையெழுத்துப்படிகள் தொலைந்து, பெயர் மட்டும் எஞ்சி, மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பாகவே ஒருவரை அறிய நேரும் நிலையை அது காட்டுகிறது. அந்நிலை கற்பனையன்று. அரபுத்தமிழ் ஏடுகள் எத்தனை நம் வீட்டுப் பரண்களில் செல்லரித்தன என்பதை இவ்விதழின் வாசகருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. இல்லாத கவிஞருக்காக நூலகத்தைத் தேடிய நாம், இருந்தும் படிக்கப்படாத எத்தனை பேரின் ஏடுகளைக் கடந்து அன்று நடந்திருப்போம்? அவ்வினாவை நம் உள்ளத்தில் எழுப்பியமையால் அவ்வாக்கம் வென்றது. இருந்தோரைத் தேடாமலே இல்லாதவரைப் படைப்பது ஆக்குநருக்கு எளிய வழியாகிவிடக்கூடும் என்னும் நம் ஐயமும் நீங்கவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

இரு விரல் தீர்ப்பு

சேர்த்துச் சொல்லத்தான் கடை இடம் தருவதில்லை. கட்டைவிரல் மேலே, அல்லது கீழே, இரண்டே தரங்கள். ஹதீஸ் அறிவிப்பாளரை எடைபோட்ட இப்னு ஹஜர், தம் ‘தக்ரீபுத் தஹ்தீப்’ நூலில் பன்னிரண்டு படித்தரங்களை வகுத்தார். ஒருவரைக் குறை கூறுவோர் காரணத்தையும் விளக்க வேண்டும் என்பதும் அத்துறையறிஞர் பலர் ஏற்ற விதி. பிறர் நல்லவர் என்று சான்றளித்த ஒருவர் மீது காரணம் கூறாத குற்றச்சாட்டு ஏற்கப்படாது. ‘சலிப்பு’ என்னும் ஒற்றைச் சொல்லை எழுதிச் செல்வோர் இவ்விதியை எண்ணிப் பார்த்தல் நன்று. ‘அருமை’ என்று ஒற்றைச் சொல் எழுதுவோருக்கும் இதையே சொல்வோம்.

எனினும் கடையின் ஏற்பாட்டில் நாம் மெச்சும் கூறு ஒன்று உண்டு. ஒவ்வொரு கருத்துக்கும் அருகே, அதனை எழுதியவர் எத்தனை மணி நேரம் ஆடினார் என்பது அச்சாகிறது. பத்து நிமிடம் நடந்தவரின் சொல்லையும் முடிவுவரை நடந்தவரின் சொல்லையும் வாசகரே எடைபோட்டுக்கொள்ளலாம். அறிவிப்பாளர் தம் ஆசிரியரை உண்மையில் சந்தித்தாரா என்று துருவியவர்களின் வழிவந்த நமக்கு இது உவப்பான ஏற்பாடு. நூல் மதிப்புரைகளுக்கும் இப்படியொரு குறிப்பு இருந்தால் நம்மில் பலர் நாணிப்போவோம்.

விடுமுறையின் கடைசி நாள் அஸருக்குப் பின் மருமகனோடு மலையை நோக்கிய சாலையில் நடந்தோம். அருகிலுள்ள கூமாபட்டி, 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சிறு காணொளிகளால் நாடெங்கும் பேசப்பட்டது. காணொளியை நம்பித் தொலைவிலிருந்து வந்தோர் பலர். பிளவக்கல் அணைப்பக்கம் செல்லத் தடை இருந்ததால் வெறுமனே திரும்பியோரும் உண்டு. ‘ஒன்றுமே இல்லை’ என்று சிலர் தீர்ப்பளித்தனர். “அவர்கள் வண்டியை விட்டு இறங்கவே இல்லை மாமா” என்றார் மருமகன். சற்றுப் பொறுத்து, “ஆனால் வரச்சொன்ன காணொளியும் அணைக்குள் விடமாட்டார்கள் என்று சொல்லவில்லை” என்று தாமே சேர்த்துக்கொண்டார். விற்பவர் குறையை மறைக்கும் ‘தத்லீஸ்’ பற்றி நாம் பாடமெடுக்கத் தேவையில்லாமற் போயிற்று.

அவரும் அவருடைய தோழர்களும் இனி எழுதும் கருத்துகளுக்கு நாம் பரிந்துரைத்தவை மூன்றே: எவ்வளவு தூரம் நடந்தாய் என்பதைச் சொல், குறையாயினும் நிறையாயினும் காரணத்தைச் சொல், உன் பையின் அளவையும் ஆக்கத்தின் அளவையும் வெவ்வேறாகச் சொல். பத்து நிமிடத்தில் மூடிய தோழர் மீண்டும் ஆடிப்பார்க்க இசைந்துள்ளார். அவர் தீர்ப்பு மாறவேண்டும் என்பது நம் எதிர்பார்ப்பன்று. இம்முறை அவர் ‘சலிப்பு’ என்றே எழுதினாலும் அதன் கீழே காரணம் இருக்கும்.